வீட்டுப் பட்டியலில் ஐந்தாவது பெயர்

கொழும்பில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பட்டியலைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில், அலுமாரியின் மேல்தட்டில், பொலித்தீன் உறைக்குள், பொலிஸ் முத்திரை குத்திய ஒரு தாள் தமிழர் எல்லார் வீட்டிலும் இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அடையாள அட்டை இலக்கம் என்ன, நிரந்தர விலாசம் எது, வீட்டுக்காரருக்கு என்ன உறவு, கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் தாள். நாங்கள் எல்லோரும் இப்போது ஐம்பதை எட்டிப் பிடித்துவிட்டோம். கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை போடுகிறோம், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறோம். ஆனாலும் வாசல் மணி இரண்டு தரம் அடித்தால் இன்றைக்கும் என் கண் முதலில் அலுமாரியின் மேல்தட்டுக்குத்தான் போகும். உங்கள் கண்ணும் போகும் என்றுதான் நினைக்கிறேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அம்மா. எண்பதைத் தொடுகிறா. நினைவு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கிறது. காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுவா. ஆனால் மூன்று நான்கு மாதமாகப் பின்னேரத் தேநீர் குடித்து முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்கிறா.

"அவளை விட்டிட்டாங்களோ?"

"விட்டிட்டாங்கள் அம்மா," என்பேன். அதோடு அடங்கிவிடுவா.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வத்தளையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் ஒருநாள் கேட்டாள்: "யாரைங்க ஆன்டி கேக்குறாங்க?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சமாளிப்பதில் எங்கள் குடும்பம் பேர் போனது. அந்தப் பெண் என்னிடம் இன்னொன்றும் கேட்டிருந்தாள். எங்கள் தொடர்மாடியின் காவலாளி அவளை ஒவ்வொரு நாளும் மறித்து யார், எவர் என்று விசாரிக்கிறானாம். இங்கே வேலை செய்கிறேன் என்று ஒரு கடிதம் தந்தால் நல்லதாம். கேட்டு மூன்று கிழமை ஆகிறது.

"அதுக்கேன் கடிதம்? நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே. நான் அவனுக்குச் சொல்லிவிடுறன்," என்றேன். சொல்லிவிட்டு அறைக்குள் போய் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். அது என் வாயில் வந்த அம்மாவின் வசனம். சொல் மாறவில்லை, ராகம்கூட மாறவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் பொருக்கு விட்டு உதிரும். கையை வைத்தால் உள்ளங்கை செங்கல் நிறமாகிவிடும். அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். அம்மா கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் கொம்பனியில் கணக்குப் பகுதி. அண்ணா ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். நான். பிறகு எங்கள் வீட்டு அக்கா.

அக்கா எங்களுக்கு ஒருவிதத்திலும் சொந்தமில்லை. அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவ. நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்துப்போய், மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தா. விடிய நாலரைக்கு எழும்பி எங்கள் நாலு பேருக்கும் இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, நாலு சாப்பாட்டுப் பெட்டி கட்டி, உடுப்புத் தோய்த்து, நாங்கள் திரும்பி வருமுன் வீடு முழுவதையும் துடைத்து வைத்திருப்பா. அம்மாவைவிட இரண்டு வயது கூட. ஆனாலும் அம்மா அவவை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவா. அதில் ஒரு குறையும் எங்களுக்குத் தெரியவில்லை. எங்களூர்ப் பழக்கம் அது, பாசம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அம்மா ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. எங்கள் வீட்டில் 'வேலைக்காரி' என்ற சொல்லை ஒருவரும் சொல்லக்கூடாது. அண்ணா ஒருதரம் யாரோ சிநேகிதனுக்குத் தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொல்லப்போய் வாயில் அடி வாங்கினான். "எங்கட வீட்டில வேலைக்காரி எண்டு ஒருத்தரும் இல்லை. அவ எங்கட ஆள்," என்று அம்மா சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். பக்கத்து வீடுகளில் அடுப்படியில் தனிக் கோப்பை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அக்கா எங்கள் கோப்பையிலேயே தேநீர் குடித்தா. குடித்தது என்னவோ நின்றபடிதான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த வீட்டைச் சுற்றி எத்தனை சொல் இருந்தது! அப்பாவுக்குச் சம்பளம். மேசன்மாருக்கு நாள்கூலி. டாக்குத்தருக்கு பீஸ். கோயில் ஐயருக்குத் தட்சணை. எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த மாஸ்டருக்கு ரியூஷன் காசு. ஒரு மனிதர் இன்னொருவருக்காக உழைத்தால் அதற்காக வாங்கும் காசுக்கு ஒரு பெயர் இருக்கும். அக்காவுக்கு அம்மா கொடுத்த காசுக்கு மட்டும் பெயர் இல்லை. மாதத்தில் ஏதோ ஒருநாள், நினைவு வந்தால், "இந்தா பிள்ளை, செலவுக்கு வைச்சுக்கொள்," என்று மடித்துக் கையில் வைப்பா. செலவுக்கு. தங்கச்சிக்குக் கொடுப்பதுபோல. தங்கச்சியாய் இருந்தால் எப்போது தருவீர்கள் என்று கேட்க முடியாதே.

தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலையை 'ஒரு பேர்' என்பார்களாம். கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போட்டுவிடுவாராம். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொல்லுவா. "அங்கே அரைப்பேராவது போடுவாங்க பாப்பா. அந்தாளு மேல கோவப்படலாம், சண்டை போடலாம். இங்கே யாரு மேலங்க கோவப்படுறது? அம்மா நல்லவங்க," என்று சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போய்வர வேண்டும் என்று மூன்று மாதம் முன்னாலேயே கேட்டா. மகனுக்குப் பத்து வயது நிறைகிறது, பார்த்து ஒன்றரை வருஷமாகிறது. அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "நீ போனா நான் என்ன பிள்ளை செய்யிறது? நாள் பெருநாளில வீட்டாக்களை விட்டிட்டு ஆரும் போவினமே? மகனை இஞ்ச கூப்பிடன். இதுவும் உன்ர வீடுதானே." அக்கா சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. மகனை அட்டனிலிருந்து யார் கூட்டி வருவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் பட்டியலைப் புதிதாக நிரப்பிக் கொடுக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தது. எங்கோ குண்டு வெடித்திருந்தது. ஒழுங்கை முழுக்க ஒரே பதற்றம். மூன்று பிரதி வேண்டும், கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுத வேண்டும். அப்பாவின் எழுத்து அவருக்கே விளங்காது. அம்மாவின் வலது கையில் இடியப்பச் சட்டியின் ஆவி பட்டு மணிக்கட்டு வரை கொப்பளம். அண்ணா ரியூஷனுக்குப் போயிருந்தான். எனவே என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். என் எழுத்து வட்ட வட்டமாக அழகாக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நாலு பேரையும் எழுதி முடித்தேன். ஐந்தாவதாக அக்காவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தோட்டத்து விலாசம். பிறகு 'உறவு' என்ற கட்டம். பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, அக்காவுக்கு இதில என்ன எழுதுறது?"

அக்கா நிலத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நிமிராமலே சொன்னா: "வேலைக்கு இருக்கேன்னு எழுதுங்க பாப்பா."

அம்மா பதறிப்போனா. "சீச்சீ! அப்பிடி எழுதக்கூடாது." அதோடு எதிர்வீட்டு அன்ரி முதல்நாள் ஒரு கதையைக் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தா. வெளியாட்கள் என்று போட்டால் தோட்டத்துக் கடிதம் கேட்பார்களாம், கிராம சேவகர் கடிதம் கேட்பார்களாம், ஆளையே ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்களாம். சொந்தம் என்றால் பேச்சில்லையாம். அம்மா இரண்டையும் சேர்த்து யோசித்தா. கொப்பளக் கையை ஊதிக்கொண்டு சொன்னா: "ஒண்டுவிட்ட தங்கச்சி எண்டு எழுது."

"அம்மா, வேணாங்கம்மா," என்றா அக்கா.

"நீ சும்மா இரு பிள்ளை. உன்ர நல்லதுக்குத்தான்."

நான் ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதினேன். மூன்று பிரதியிலும் விழ வேண்டும் என்று நன்றாக அழுத்தி எழுதினேன்.

எழுதிக் கொடுத்த அன்றிலிருந்தே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் முழங்காலில் விடுவார்கள். பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்தால்? முத்திரை குத்தி வந்த எங்கள் பிரதியை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரங்களில் கதிரையில் ஏறி எடுத்துப் பார்ப்பேன். மற்ற நாலு வரியையும் விட ஐந்தாவது வரி மட்டும் பெரிய எழுத்தில் இருப்பதாகத் தோன்றும். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் புத்தகத்தில் எழுத்து ஓடாது. எத்தனை படி என்று எண்ணுவேன். முதலாம் மாடியோடு நின்றுவிட்டால் மூச்சு வரும். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பயந்துபோவா என்ற நினைப்பு. பதினொரு வயதில் அம்மாவை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

அவர்கள் வந்தது பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை. ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துவிட்டு வீடு வீடாக ஏறி வந்தார்கள். எங்கள் மாடியில் இரண்டு வீட்டாரையும் வாசலுக்கு வெளியே வரச் சொல்லி வரிசையாக நிறுத்தினார்கள். அப்பா வீட்டில் உடுத்த சாரத்தோடு நின்றார். அக்காவின் கையில் திருவிய தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. ஒரு சார்ஜன்ட் பட்டியலைப் பார்த்து அடையாள அட்டைகளைச் சரிபார்த்தார். நாலு பேர் முடிந்தது. ஐந்தாவது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்காரரான அப்பாவின் ஊர் யாழ்ப்பாணம், தங்கையின் ஊர் அட்டன். அவர் புருவம் நெளிந்தது.

"மே கவுத?" என்று அம்மாவைக் கேட்டார். இது யார்?

அம்மாவுக்குச் சிங்களம் பத்துச் சொல் தெரியும். "அபே நங்கி," என்றா. எங்கள் தங்கச்சி. எதிர்வீட்டு அன்ரியும் அங்கிளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சார்ஜன்ட் அக்காவின் பக்கம் திரும்பி அதையே கேட்டார். அக்காவுக்கு அம்மாவைவிட நன்றாகவே சிங்களம் வரும். நேராகப் பார்த்துச் சொன்னா: "கெதர வெட கரனவா மாத்தயா." வீட்டு வேலை செய்கிறேன் ஐயா.

இரண்டு பதில். ஒரு தாள். சார்ஜன்ட் அம்மாவை மறுபடி பார்த்தார். அந்த இடத்தில் அம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டு வேலைக்கு நிற்கிறா, நாங்கள் சொந்தம் என்று போட்டுவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். அம்மாவின் உதடு அசைந்தது. பிறகு, "நங்கி, நங்கி," என்று இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னா. அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று அம்மா அப்போது உண்மையாகவே நம்பினா. அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

வீட்டுக்காரி கந்தோருக்குப் போகிற பெண், புருஷனுக்கு அரசாங்க உத்தியோகம். அவர்கள் சொன்னது எடுபட்டது. உண்மை சொன்னவ பொய்க்காரியானா. யாரோ ஒருத்தியின் அட்டையை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒளிந்திருக்கிறா என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். கையைக் கழுவிவிட்டு வரட்டுமா என்று அக்கா கேட்டா. விடவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே படி இறங்கினா. என்னைக் கடந்து போகும்போது, "அடுப்புல பால் இருக்கு பாப்பா," என்றா.

பால் பொங்கி அடுப்பு அணைந்து போயிருந்தது.

அன்று பகல் முழுவதும் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா அழுதபடியே இருந்தா. அப்பா நடந்தபடியே இருந்தார். உடனே போய் உண்மையைச் சொல்லலாம் என்று ஒருதரம் அப்பா சப்பாத்துப் போட்டார். பிறகு கழற்றினார். "இப்ப போய் எழுதிக் குடுத்தது பொய் எண்டால் எங்களையும் உள்ளுக்குப் போடுவாங்கள். என்ர உத்தியோகம் போயிடும்," என்றார். தெரிந்த ஒரு சட்டத்தரணி கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவரைத் தேடிப் போனால் அவர் கல்யாண வீடொன்றுக்குப் போய்விட்டாராம். நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்பா திரும்பி வந்துவிட்டார். நாளைக்கு. அக்கா அந்த இரவை அங்கேயே கழிக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் விளங்கியது.

பின்னேரம் ஒரு கொன்ஸ்டபிள் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் காலையில் வர வேண்டும். பட்டியலை எழுதினவரும் வர வேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொப்பித் தாளில் என் எழுத்தை மாற்றி, சரித்து, குறுக்கி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அது என் எழுத்தாகவே இருந்தது.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்தில் ஒரு நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சுவரோரம் ஒரு இரும்பு அலுமாரி. அதற்குப் பக்கத்தில் நிலத்தில் அக்கா இருந்தா. கையில் தேங்காய்ப் பூ காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அவவை ஒருவரும் அடிக்கவில்லை. பிறகு கேட்டு அறிந்துகொண்டோம். ஆனால் அம்மாவைக் கண்டதும் அக்கா எழும்பவில்லை. அம்மா வந்தால் எழும்பி நிற்காத அக்காவை அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பட்டியலை எடுத்து விரித்தார். ஐந்தாவது வரியில் விரலை வைத்தார்.

"கவுத லிவ்வே?" யார் எழுதியது?

"மம," என்றேன். நான்.

அவர் தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொன்ஸ்டபிள் குனிந்து என்னைக் கேட்டார்: "இப்படி எழுதச் சொல்லி யார் சொன்னது, துவ?" துவ என்றால் மகள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் கைக் கொப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. கொஞ்ச நேரம் பார்த்தேன். நிமிர்வா என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்தேன், அவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானே அதிகாரியிடம் சொன்னேன்.

"மட்ட வெரதுனா."

எனக்குப் பிழையாகிவிட்டது. நான்தான் பிழையாக எழுதிவிட்டேன். வீட்டில் அக்கா, அக்கா என்று கூப்பிடுவோம், அதனால் சொந்தம் என்று நினைத்து எழுதிவிட்டேன். பாதி சிங்களம், பாதி தமிழ். எங்கிருந்து அவ்வளவு பொய் வரிசையாக வந்ததோ தெரியாது. அதிகாரி என்னையும் அந்த வட்ட எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அவருக்கும் என் வயதில் ஒரு மகள் இருக்கலாம். பேனையை எடுத்து 'ஒன்றுவிட்ட தங்கை' என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே சிங்களத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான். ஒரு பகலும் ஒரு இரவும் அக்காவை நிலத்தில் இருத்தியதை நிமிர்த்த அரை நிமிஷம் பிடித்தது.

காலி வீதியில் திரும்பி நடந்தோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டா. "என்ர கெட்டிக்காரி. நல்ல வேளை உனக்குப் புத்தி வந்தது," என்றா. வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தா. எனக்கு மட்டும். அக்கா நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தா. அந்த ஐஸ்கிரீம் கை வழியே உருகி முழங்கை வரை வடிந்தது. தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குளித்தா. குளித்து வந்து சமைத்தா. சமைத்து முடிந்து, நாங்கள் சாப்பிட்டு எழும்பும் வரை காத்திருந்துவிட்டு, அம்மாவிடம் வந்து நின்றா.

"அம்மா, எனக்கு ஒரு கடிதம் வேணுங்க."

"என்ன கடிதம் பிள்ளை?"

"இன்னார் உங்க வீட்டுல சம்பளத்துக்கு வேலை செய்றாங்கன்னு. கையெழுத்துப் போட்டு. அடையாள அட்டையோட வைச்சுக்கிறேன்."

"எங்களுக்குள்ள என்ன பிள்ளை கடிதம்? நான் உன்னை அப்பிடியோ வைச்சிருக்கிறன்?" அம்மா மறுபடி அழத் தொடங்கினா. "கூடப் பிறந்தவள் மாதிரியெல்லோ வைச்சிருக்கிறன்."

"தெரியுங்கம்மா. உங்க மனசு நல்ல மனசு. ஆனா கூடப் பிறந்தவளைத்தான் நேத்து புடிச்சுட்டுப் போனாங்க. வேலைக்காரியை விட்டுட்டாங்க."

அவ இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அறைக்குள் போனார். கடைசியில் கடிதத்தையும் நானே எழுதினேன். அம்மா 'வீட்டில் உதவியாக இருக்கிறார்' என்று சொன்னா. அக்கா தலையை ஆட்டினா. "இல்லீங்க. சம்பளத்துக்கு வேலை செய்றாங்கன்னு போடுங்க பாப்பா." நான் அம்மாவைப் பார்க்காமல் அக்கா சொன்னதை எழுதினேன். அம்மா இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்து வைத்தா. அக்கா கடிதத்தை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாலாய் மடித்து, அடையாள அட்டையின் நீல உறைக்குள் வைத்தா.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனா. லீவு தாருங்கள் என்று கேட்கவில்லை, போய் வருகிறேன் என்று சொன்னா. திரும்பி வந்து ஒரு மாதம் நின்றா. பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்தது என்று சொல்லி விடைபெற்றா. எங்கள் வீட்டுக் கடிதத்தைக் காட்டித்தான் அந்த வேலை கிடைத்தது. மகனையும் பிறகு அங்கே கூட்டிக்கொண்டா என்று கேள்விப்பட்டோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது என் கன்னத்தைத் தடவி, "உங்களுக்கு அழகான எழுத்து பாப்பா," என்றா. நான் அழுதேன். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை.

அதன் பிறகு வருஷக்கணக்காக அம்மா வருவோர் போவோருக்கெல்லாம் சொன்ன கதை ஒன்றுதான். சொந்தத் தங்கச்சி மாதிரி வைத்திருந்தேன், நன்றி இல்லாமல் போய்விட்டாள். பொலிஸ் கதை வந்தால், "இவள் சின்னப்பிள்ளை, தெரியாமல் பிழையா எழுதிப்போட்டாள்," என்று என்னைக் காட்டிச் சிரிப்பா. கேட்டவர்களும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கல்யாணம் முடித்தேன், பிள்ளைகள் பெற்றேன், அப்பாவுக்குக் கொள்ளி வைத்தோம். அந்தப் பிழை மட்டும் என் பேரிலேயே இருந்தது. அம்மா அதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டாவா, அல்லது நம்புவதுபோல் நடித்தாவா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் இல்லை.

இந்தக் கிழமை ஒருவழியாகக் கடிதத்தை எழுதினேன். நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்குத் தேநீர் பருக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். இன்ன பெயருடையவர் எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம லீவுன்னும் ஒரு வரி போட்டுருங்க ஆன்டி," என்றாள்.

அவளுக்கு ஞாயிறு லீவு என்று நாங்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வராவிட்டால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், வந்தால் எங்கட பிள்ளை என்பேன். பேனையை எடுத்து அந்த வரியையும் எழுதினேன். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு கோப்பையைக் கழுவப் போனாள்.

அம்மா வாயைத் துடைத்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டா.

"அவளை விட்டிட்டாங்களோ?"

"விட்டிட்டாங்கள் அம்மா."

வழக்கமாக இதோடு முடியும். நேற்று முடியவில்லை. என் கையில் இருந்த பேனையைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"என்ன சொல்லி விட்டவங்கள்?"

"நான் பிழையா எழுதிப்போட்டன் எண்டு சொன்னனான். அதில விட்டவங்கள்."

அம்மா கண்ணை மூடினா. தூங்கிவிட்டா என்று நினைத்து எழும்பப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தா. பிடியில் ஒரு பலமும் இல்லை, ஆனாலும் நான் திரும்பவும் உட்கார்ந்தேன்.

"நீ எங்க பிழையா எழுதினனீ," என்றா. "நான் சொன்னதைத்தானே பிள்ளை எழுதினனீ."